பாலில் சீசியத்தைக் குறைக்க மாட்டுக்குக் களிமண்: மலையகப் பால் பண்ணையாளருக்கான முழுமையான வழிகாட்டி

இன்றைய நிலையில் மலையகத்தில் எந்த மாட்டுக்கும் இந்தக் காரணத்துக்காகக் களிமண் போடத் தேவையில்லை. அணு உலை விபத்து ஒன்று நடந்து, கதிரியக்கச் சீசியம் மழையோடு புல்லில் இறங்கினால் மட்டுமே இது வேலை. தமிழ்நாட்டின் கூடங்குளம் அணுமின் நிலையம் நுவரெலியாவிலிருந்து நேர்கோட்டில் சுமார் 360 கிலோமீற்றர். தூரம் என்று ஆறுதல் கொள்வதற்கில்லை: 1986 ஏப்ரலில் செர்னோபிலில் கிளம்பியது ஆயிரம் கிலோமீற்றருக்கும் அப்பால் நோர்வேயின் மலைகளில் மழையோடு இறங்கியது. காற்று எந்தப் பக்கம் அடித்தது, மழை எங்கே பெய்தது என்பதே கணக்கு. மழை என்றால் நம் பக்கம் குறைவில்லை.

விபத்து நடந்த பிறகு களிமண் தேடிப் போனால் கிடைக்காது. வாசித்து, விளங்கி, எங்கே வாங்குவது என்று தெரிந்து வைத்திருப்பதுதான் இப்போது செய்யக்கூடியது.

களிமண் செய்வதும் செய்யாததும்

மாட்டின் உடம்புக்குச் சீசியமும் பொட்டாசியமும் ஒன்றுபோலத்தான். புல்லில் வந்த சீசியம் இரைப்பையில் கரைந்து இரத்தத்துக்குப் போய், அங்கிருந்து பாலுக்கும் சிறுநீருக்கும் சதைக்கும் பிரிகிறது. பென்டோனைட் போன்ற களிமண்ணின் தகடுகளுக்கு நடுவே சோடியம், கல்சியம் அயனிகள் தளர்வாக ஒட்டியிருக்கும். சீசியம் வந்தால் களிமண் அவற்றை விட்டுவிட்டு அதைப் பிடித்துக்கொள்ளும். பிடிபட்டது குடலைக் கடந்து சாணத்தோடு வெளியேறும். உமிழ்நீர் வழியாகவும் குடல் சுவர் வழியாகவும் உடம்பிலிருந்து திரும்பி வரும் சீசியத்தையும் அது மடக்கும். ஆகவே ஏற்கனவே உடம்பில் ஏறியதும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும்.

அயடீன் 131 களிமண்ணுக்குப் பிடிபடாது. விபத்தின் முதல் வாரங்களில் பாலில் பெரிய ஆபத்தே அதுதான். எட்டு நாளுக்கு ஒரு முறை அது பாதியாகும் என்பதால், சுத்தமான தீவனமும் காத்திருப்பும்தான் அதற்கு மருந்து. ஸ்ட்ரொன்சியம் 90 கல்சியத்தின் வழியில் போகும், அதற்கும் களிமண் உதவாது. கல்சியம் குறைவாகத் தின்னும் மாட்டுக்குக் கல்சியத்தைக் கூட்டினால் ஓரளவு குறையும். களிமண் என்பது சீசியம் 134, 137 இரண்டுக்கு மட்டும். இவற்றில் 137 பாதியாக 30 வருடம் பிடிக்கும். முதல் மாதம் முடிந்த பிறகும் தலைவலியாக நிற்பது இதுதான்.

நம் மண் ஏன் கவலைக்குரியது

மலையக மண் புளிப்பு மண். மழை அதன் பொட்டாசியத்தைக் கழுவிக்கொண்டு போய்விடும். மிஞ்சியிருக்கும் களியும் பெரும்பாலும் கயோலினைட் வகை, சீசியத்தை இறுக்கிப் பிடிக்காது. அம்பேவெல, ஹோர்ட்டன் சமவெளிப் பக்கம் கரிய, மக்கு நிறைந்த மண் வேறு. இப்படிப்பட்ட இடங்களில் சீசியம் மண்ணில் அடங்காமல் வருடக்கணக்காகப் புல்லுக்கு ஏறிக்கொண்டே இருக்கும். பிரித்தானியாவின் மேட்டு நிலங்களில் செர்னோபிலுக்குப் பிறகு ஆடுகளுக்குப் போட்ட கட்டுப்பாடு 2012இல்தான் முழுதாக நீங்கியது. அங்கும் குளிர், மழை, புளித்த மக்கு மண்.

அதனால் நிலத்துக்கும் வேலை உண்டு. புல் பாத்திக்குப் பொட்டாஷ் உரமும், தேயிலைக்குப் போடும் அதே டொலமைட்டும் போட்டால் புல் எடுக்கும் சீசியம் குறையும். மண்ணில் பொட்டாசியம் எவ்வளவு குறைவோ அவ்வளவுக்குப் பலன் கூடும்.

களிமண்ணுக்கு முன்னால்: தீவனம், தண்ணீர்

லயத்துக்குப் பின்னால் ஒன்றிரண்டு மாடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வசதி: மாடு பட்டியிலேயே கட்டியிருக்கும், புல்தான் அறுத்து வரும். எதை அறுப்பது என்பது நம் கையில். அறிவிப்பு வந்ததும் வெளியில் நிற்கும் புல்லை அறுப்பதை நிறுத்துங்கள். வைக்கோல், சைலேஜ், புண்ணாக்கு, தவிடு எது கையில் இருந்தாலும் அதற்கு மாறுங்கள். வெளியே கிடக்கும் தீவனத்தைப் படங்கு போட்டு மூடுங்கள். பீலித் தண்ணீரை நேரே தொட்டிக்கு விடாமல் மூடிய டாங்கியில் பிடித்துக் கொடுங்கள். கூரையிலிருந்து வடியும் மழைத் தண்ணீர் வேண்டாம்.

புல்லின் மேல் படிந்தது மழை, காற்று, புதுத் துளிர் எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பாதியாகும். முதல் மாதத்தை வெளிப் புல் இல்லாமல் ஓட்டினால் பாதிச் சண்டை முடிந்தது. ஆனால் 40 கிலோ பச்சைப் புல் தின்னும் மாட்டுக்கு மாதக்கணக்காக வெளியிலிருந்து தீவனம் வாங்க எத்தனை பேரால் முடியும்? களிமண் வருவது அந்த இடத்தில்தான்.

ஒரு கணக்கு

பசு ஒரு நாளில் தின்னும் சீசியத்தில் ஏறத்தாழ 0.5 சதவீதம் ஒவ்வொரு லீற்றர் பாலிலும் வரும். நாளுக்கு 8 கிலோ உலர் எடைப் புல் தின்னும் மாடு, அந்தப் புல்லில் கிலோவுக்கு 6,250 பெக்கரல் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) என்று வைப்போம். உள்ளே போவது 50,000. பாலில் லீற்றருக்குச் சுமார் 250.

இது அதிகமா, குறைவா? எந்த எல்லையை வைத்துப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது. செர்னோபிலுக்குப் பிறகு ஐரோப்பா பாலுக்கு வைத்த எல்லை 370 பெக்கரல். ஜப்பான் 2012 ஏப்ரலிலிருந்து வைத்தது 50. சர்வதேச வர்த்தகத்துக்குக் கோடெக்ஸ் எனும் உலக உணவுத் தர அமைப்பு சொல்லும் வழிகாட்டி அளவு 1,000. நம் நாட்டில் அன்றைக்கு எது செல்லும் என்பதை அரசுதான் அறிவிக்கும். களிமண் போட்டேன், ஆகவே பால் ஊற்றலாம் என்று யாரும் தாமாக முடிவெடுக்க முடியாது.

எல்லை 50 என்று கொள்வோம். களிமண்ணை உச்ச அளவில் கொடுத்து 80 சதவீதம் குறைத்தாலும் 250 என்பது 50இல்தான் வந்து நிற்கும், கோட்டின் மேலேயே. மாறாகப் புல்லில் பாதியைச் சுத்தமான வைக்கோலாக மாற்றினால் 125 ஆகும், அதற்குமேல் அதே களிமண் 25க்கு இறக்கும். இரண்டும் ஒன்றோடொன்று பெருகும். தீவனத்தைத் தொடாமல் களிமண்ணை மட்டும் நம்புவது எங்கள் பார்வையில் அரை வேலை.

வெள்ளாட்டுப் பால் தனிக் கதை. ஆட்டில் ஒரு லீற்றருக்குப் போகும் பங்கு சுமார் 10 சதவீதம். அதே புல்லில் ஒன்றரைக் கிலோ உலர் எடை தின்னும் ஆட்டின் பாலில் லீற்றருக்கு 940 பெக்கரல் அளவில் நிற்கும், பசுவைப் போல் கிட்டத்தட்ட நான்கு மடங்கு. வீட்டில் பிள்ளைக்கு ஆட்டுப் பால் கொடுப்பவர்கள் முதலில் நிறுத்த வேண்டியது அதைத்தான்.

எந்தக் களிமண்

தேவை தீவனத் தரப் பென்டோனைட். அதில் ஸ்மெக்டைட் எனும் கனிமம் குறைந்தது பாதியாவது இருக்க வேண்டும், 70 சதவீதம் இருந்தால் நல்லது. கிளினோப்டிலோலைட் என்ற சியோலைட்டும் வேலை செய்யும். வாங்கும்போது ஸ்மெக்டைட் அளவு, ஈயம், ஆர்செனிக், டையொக்சின் ஆகிய நான்குக்கும் பரிசோதனைத் தாள் கேளுங்கள். டையொக்சின் எனும் நஞ்சு வீண் பயம் அல்ல: 1997இல் அமெரிக்காவில் கோழித் தீவனத்தில் கலந்த களிமண் வழியாகவே அது உணவுக்குள் வந்தது.

ஹார்ட்வேர் கடைகளில் பென்டோனைட் என்று கிடைப்பது பைலிங், குழாய்க் கிணறு, மின் எர்த் குழிகளுக்கானது. வேறு சேர்மானங்கள் கலந்திருக்கலாம். மாட்டுக்கு வேண்டாம். பூனை மணலும் வேண்டாம். பொரலஸ்கமுவப் பக்கத்து வெள்ளைக் களி கயோலின், அதற்குப் பிடிக்கும் சக்தி மிகக் குறைவு. தோட்டத்துச் செம்மண்ணும் அப்படியே. மன்னார் முருங்கன் பக்கத்துக் கருங்களியில் சரியான கனிமம் உண்டு, ஆனால் தோண்டி எடுத்த மண்ணைச் சுத்தம் பார்க்காமல் தீவனத்தில் போடக் கூடாது.

பூஞ்சை நஞ்சுக்காகத் தீவனத்தில் போடும் டொக்சின் பைண்டர் பலரிடம் இருக்கும். அதிலும் பென்டோனைட் இருக்கலாம். ஆனால் அது சில பத்து கிராம் கணக்கில் போடும் சாமான். சீசியத்துக்கு வேண்டியது நூற்றுக்கணக்கான கிராம். “பைண்டர் போட்டுவிட்டோமே” என்று இருந்துவிட வேண்டாம்.

கையில் உள்ளது பென்டோனைட்தானா என்று பார்க்க, 100 மில்லிலீற்றர் தண்ணீரில் 2 கிராம் தூளைச் சிறிது சிறிதாகத் தூவி ஒரு நாள் விடுங்கள். சோடியம் வகை என்றால் 20 மில்லிலீற்றருக்கு மேல் ஊதி நிற்கும். கல்சியம் வகை அவ்வளவு ஊதாது, ஆனாலும் சீசியத்தைப் பிடிக்கும். ஊதவில்லை என்ற ஒரே காரணத்துக்காகத் தள்ள வேண்டாம், தாளைப் பாருங்கள்.

மாட்டை அளந்து அளவைத் தீர்மானித்தல்

அளவு மாட்டின் எடையைப் பொறுத்தது, பாலைப் பொறுத்தது அல்ல. தையல் டேப் போதும். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் நெஞ்சைச் சுற்றி ஒரு அளவு. தோள் முனையிலிருந்து வால் பக்கத்து எலும்பு முனை வரை நீளம் ஒரு அளவு. இரண்டும் சென்டிமீற்றரில். நெஞ்சுச் சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 10,840ஆல் வகுத்தால் எடை கிலோவில் வரும். நெஞ்சு 170, நீளம் 140 உள்ள ஜேர்சிக் கலப்பு மாடு சுமார் 373 கிலோ.

உடல் எடையின் கிலோ ஒன்றுக்கு நாளொன்றுக்கு 0.5 கிராம் களிமண் கொடுத்தால் பாலின் சீசியம் சுமார் பாதியாகும். 1 முதல் 2 கிராம் வரை கூட்டினால் 80 சதவீதம் வரை குறையலாம். அதற்குமேல் போட்டால் மாட்டுக்குச் சுமைதான். நம் 373 கிலோ மாட்டுக்கு முதல் படி 185 கிராம், இரண்டாம் படி 370 கிராம். 2 கிராம் என்ற உச்சத்துக்கு மிருக வைத்தியரைக் கேட்காமல் போக வேண்டாம். 370 கிராம் வீதம் மூன்று மாதத்துக்கு ஒரு மாட்டுக்கு 33 கிலோ வேண்டும். கையிருப்பைத் திட்டமிட இந்த எண் போதும்.

கலந்து கொடுக்கும் முறை

1. முதல் நாளே வெறும் பால் டின் ஒன்றில் களிமண்ணை நிரப்பி டிஜிட்டல் தராசில் நிறுத்து, ஒரு வேளை அளவு எங்கே வருகிறதோ அங்கே ஆணியால் கோடு கீறுங்கள். கைப்பிடிக் கணக்கு வேண்டாம். புதுப் பை திறக்கும்போதெல்லாம் மறுபடி நிறுங்கள், தூளின் நெருக்கம் பைக்குப் பை மாறும்.

2. காலை, மாலை இரண்டு கறவைக்கும் சமமாகப் பிரியுங்கள். களிமண் இரைப்பையில் இருக்கும் நேரத்தில் சீசியமும் அங்கே இருக்க வேண்டும். காலையில் மொத்தமாகக் கொட்டிவிட்டு இராத்திரி முழுக்கப் புல் போட்டால் பலன் குறையும்.

3. ஒரு வேளைக் களிமண்ணை அதே அளவு உலர்ந்த தவிட்டோடு கலக்குங்கள். நிறம் ஒரே சீராக வந்ததும் அதன் இரட்டிப்பு தவிடு, பிறகு மீதித் தீவனம் என்று விரித்துக்கொண்டு போங்கள். நேரே இரண்டு கிலோத் தீவனத்தின் மேல் கொட்டிக் கிளறினால் தூள் பேசினின் அடியில்தான் கிடக்கும். மாடு மேலே உள்ளதைத் தின்றுவிட்டு அடியை விட்டுவிடும்.

4. தேங்காய்ப் புண்ணாக்கை இராத்திரி ஊற வைத்துக் கரைசலாகக் கொடுக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. அதற்குள் பென்டோனைட்டைப் போட்டால் அரை மணி நேரத்தில் வழுவழுவென்று கூழாகி பேசினில் ஒட்டிக்கொள்ளும், மாடு நாக்கை இழுத்துக்கொண்டு நிற்கும். களிமண் எப்போதும் உலர்ந்த தவிட்டோடுதான். தூசி அடங்க மட்டும், வைக்கும் தருணத்தில் கையால் தண்ணீர் தெளியுங்கள். குடிக்கும் தண்ணீரில் கலக்கவே வேண்டாம்.

5. முதல் இரண்டு நாள் கால் பங்கு, அடுத்த இரண்டு நாள் அரை, பிறகு முக்கால், ஏழாம் நாள் முழு அளவு.

6. கலக்கும்போது மூக்கையும் வாயையும் மூடும் நல்ல முகக் கவசம் போடுங்கள். தூளில் சிலிக்கா உண்டு, மூடிய பட்டிக்குள் அது நெஞ்சுக்கு ஆகாது.

இரண்டு மாடு ஒரே தொட்டியில் தின்றால், பலமான மாடு இரண்டு பங்கும் தின்னும். பால் கொடுப்பது பெரும்பாலும் மற்றதாக இருக்கும். கயிற்றைக் குறுக்கிக் கட்டி, தனித்தனிப் பேசினில் வையுங்கள்.

எங்கே பிழை வரும், ஏன்

மாடு தீவனத்தை முகர்ந்துவிட்டு நின்றால், அநேகமாகக் களிமண்ணின் பங்கு கூடிவிட்டது. கலவைத் தீவனத்தில் பத்தில் ஒன்றைத் தாண்டினால் பல மாடுகளுக்குப் பிடிக்காது. 370 கிராமை ஒரு நாள் தீவனமான 4 கிலோவில் கலந்தாலே அந்த எல்லைக்கு வந்துவிடுகிறோம். தீவனம் குறைவாக வைப்பவர்கள் 0.5 கிராம் படியிலேயே நிற்பது நல்லது. ஒரு பிடி கருப்பட்டித் தூளோ மொலாசஸோ சேர்த்தால் மாடு ஏமாறும்.

சாணம் இறுகி உருண்டையாக வந்தால் தண்ணீர் போதவில்லை. பீலியை மூடச் சொன்னதால் பலர் தண்ணீரையும் குறைத்துவிடுவார்கள், முதலில் பார்க்க வேண்டியது அது. இரண்டு நாளில் சரிவராவிட்டால் அளவைப் பாதியாக்கி மிருக வைத்தியரிடம் சொல்லுங்கள்.

களிமண் சீசியத்தை மட்டும் தேர்ந்து பிடிக்காது, தாதுக்களில் சிலவற்றையும் இழுக்கும். தாது உப்புக் கலவையை நிறுத்தாமல், அதை மதிய நேரத்துக்கு மாற்றுங்கள். வாய்வழி மருந்தைக் களிமண் வேளையோடு சேர்க்க வேண்டாம். டைலோசின், டில்மிகோசின் போன்ற மக்ரோலைட் வகை நுண்ணுயிர்க்கொல்லி மருந்து வாய்வழியே கொடுக்கும் நாட்களில் களிமண்ணை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் மருந்தும் சாணத்தோடுதான் போகும்.

இடையில் நிறுத்துவதுதான் மிகப் பெரிய பிழை. தீபாவளி, திருவிழா, கல்யாண வீடு என்று மூன்று நாள் விட்டால் சீசியம் மறுபடி பாலில் ஏறத் தொடங்கிவிடும். பால் கறக்க ஆள் சொல்லிவிட்டுப் போகும்போது அந்தக் கீறிய டின்னையும் காட்டிவிட்டுப் போக வேண்டும்.

அளப்பது

கதிரியக்கம் பார்க்கக் கையில் பிடிக்கும் கைகர் கருவியைப் பால் கேனுக்கு மேல் பிடித்துப் பார்ப்பதில் பயனில்லை. லீற்றருக்கு 100 பெக்கரல் அதற்குத் தெரியவே தெரியாது. காமா நிறமாலைமானி (எந்தக் கதிரியக்கப் பொருள், எவ்வளவு என்று பிரித்துக் காட்டும் கருவி) உள்ள ஆய்வுகூடம் வேண்டும். 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்க அணுசக்திச் சட்டத்தின் கீழ் அமைந்த இலங்கை அணுசக்திச் சபை ஒருகொடவத்தையில் இருக்கிறது. மாதிரி அனுப்பும் ஒழுங்கை உங்கள் மிருக வைத்திய அலுவலகம் வழியாகக் கேளுங்கள்.

ஒரு நாளின் காலைப் பாலும் மாலைப் பாலும் அந்தந்த அளவு விகிதத்தில் சேர்த்து ஒரு லீற்றருக்குக் குறையாமல் எடுத்து, குளிரில் வைத்து, மாட்டின் அடையாளம், திகதி, களிமண் அளவு எழுதி அனுப்புங்கள். களிமண் தொடங்கும் முன் ஒரு மாதிரி கட்டாயம். அது இல்லாவிட்டால் குறைந்ததா, எவ்வளவு என்று சொல்ல வழியே இல்லை. பிறகு முழு அளவு தொடங்கிப் பத்தாம் நாள் ஒன்று. முதல் சில நாளில் வேகமாக இறங்கி, பிறகு மெதுவாகும். மூன்றாம் நாள் மாதிரியைப் பார்த்து “வேலை செய்யவில்லை” என்று முடிவுகட்ட வேண்டாம். சங்கத்துக் குளிர்த் தாங்கியில் எடுத்த மாதிரி உங்கள் மாட்டைப் பற்றி எதுவும் சொல்லாது, பத்து வீட்டுப் பாலும் அதில் கலந்திருக்கும்.

காய்ச்சினால் சீசியம் போகாது. தண்ணீர் ஆவியாக, மிஞ்சும் பாலில் செறிவு கூடத்தான் செய்யும். ஆனால் சீசியம் கொழுப்போடு போகாது, மோரோடுதான் போகும். வெண்ணெயில் குறைவு, உருக்கிய நெய்யில் மிகக் குறைவு. தயிரில் அப்படியே இருக்கும், ஏனெனில் அதில் எதையும் வடிப்பதில்லை. எல்லைக்கு மேல் போன பாலை நெய்யாக்க அனுமதி கிடைத்தால், அந்த மோரைக் கன்றுக்கும் நாய்க்கும் ஊற்றாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பிரஷ்யன் நீலம் என்ற இரும்புச் சேர்மமும் உண்டு. பசுவுக்கு நாளுக்கு 3 கிராம் போதும், களிமண்ணை விடப் பலமானது. நோர்வேயிலும் பெலாரஸ், உக்ரைன், ரஷ்யாவிலும் பயன்பட்டது. அதன் வேதிப் பெயரில் “சயனைட்” வருவதால் பயப்படுவார்கள், அந்த அளவில் மாட்டுக்குத் தீங்கில்லை. அரசு கொண்டுவந்து கொடுத்தால் தயங்காமல் வாங்குங்கள். அப்போது களிமண்ணின் தேவை பெரும்பாலும் இல்லாமல் போகும்.

சாணம்

களிமண் போடாத மாட்டில், உடம்பு உறிஞ்சிய சீசியம் அதிகமாகச் சிறுநீரில் போகும். களிமண் போட்டதும் அது சாணத்துக்கு மாறுகிறது. பாலில் குறைந்தது மறையவில்லை, பட்டிக்குப் பின்னால் உள்ள குவியலில் கிடக்கிறது. நுவரெலியா, கந்தப்பளை மரக்கறித் தோட்டங்களுக்கு மாட்டு எரு லொறியில் போகிறது. களிமண்ணோடு பிணைந்த சீசியத்தைப் பயிர் எளிதில் எடுக்காது என்றாலும், அந்த எருவை அதே புல் பாத்தியில் போட்டால் சுற்றுப் பாதை மூடிவிடும். குவியலைப் படங்கு போட்டு மூடி, மழைத் தண்ணீர் பீலிப் பக்கம் வடியாமல் சுற்றிக் கான் வெட்டி வையுங்கள். அந்தக் காலத்து எருவைத் தனியாக வைத்து, அளந்து பார்த்த பிறகே வெளியே கொடுங்கள். அதுவரை மரக்கறிக்கும் புல்லுக்கும் மட்டுமல்ல, தேயிலைக்கும் கொடுக்க வேண்டாம், கொழுந்தும் வாய்க்கு வரும் பொருள்தான். வீட்டைச் சுற்றிப் பூச்செடிக்கும் மர வேலிக்கும் போடலாம்.

களிமண்ணை நிறுத்தும் நாளைப் பால் அல்ல, புல் சொல்ல வேண்டும். களிமண் போடும்போது பால் நன்றாக இருப்பது களிமண்ணால். புல்லை அறுத்து உலர்த்தி அளந்து, முன்பு பார்த்த கணக்கில் போட்டு, களிமண் இல்லாமலும் பால் எல்லைக்குள் நிற்கும் என்று வந்தால் அளவைப் பாதியாக்குங்கள். பத்து நாள் கழித்து ஒரு மாதிரி அனுப்பி, சரியாக இருந்தால் முழுதாக விடலாம்.